பத்து விநாடியில் மூழ்கும் பஞ்சு

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய சாமான்கள் ராஜபாளையம் பக்கத்து மம்சாபுரத்தில் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பஞ்சு ரோலிலிருந்து கிள்ளிய ஒரு சிறு உருண்டை, பருத்திச் செடியில் வெடித்த காயிலிருந்து பறித்து விதை நீக்கிய இன்னொரு உருண்டை. தலையணைக்குள் இருப்பது இலவம் பஞ்சு, அது இதற்கு உதவாது. பருத்திதான் வேண்டும்.

இரண்டையும் தண்ணீரில் போடுங்கள். கடைப் பஞ்சு போட்டதுமே நனைந்து அடியில் போய் உட்காரும். செடியில் பறித்தது மிதக்கும். விரலால் அழுத்தினாலும் திரும்ப மேலே வரும். பிள்ளையிடம் காரணம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க அடுத்த வேலை இருக்கிறது.

மிதக்கும் பஞ்சை, தண்ணீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். பெரியவர் ஒருவர் அடுப்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம். தண்ணீர் மஞ்சளாக மாறும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி டம்ளரில் போடுங்கள். முன்புபோல அது மிதக்காது. பருத்தி இழையின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு. தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது அதுதான். சோடாவும் சோப்பும் வெந்நீரும் சேர்ந்து அதைக் கழற்றிவிட்டன.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணிக்கும் காஸுக்கும் இதே வேலைதான் டன் கணக்கில் நடக்கிறது. அங்கே சலவைச் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் சோடா, அடுப்புக்குப் பதில் பாய்லர் நீராவி. காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. மெழுகு போன பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுப்பார்கள். பெராக்சைடு சிதைந்தால் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தான். குளோரின் வகை வெளுப்பானில் கழிவுநீர்த் தலைவலி கூடுதல். கடைசியில் தயாராகும் சர்ஜிக்கல் பஞ்சு தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்துத் தர விதி. காயத்தில் கசிவதை உறிஞ்சத்தானே பஞ்சு வைக்கிறோம்? மிதக்கும் பஞ்சு அதற்கு உதவாது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ பாடத்தைத் திறந்தால் சோப்பு எப்படி எண்ணெயைக் கழற்றுகிறது என்று படம் போட்டிருக்கும். அதே புத்தகத்தில் அமிலம், காரம், பி.எச். அளவு எல்லாம் வருகிறது. அலசிய துணியில் காரம் மிச்சமிருந்தால் புண்ணில் எரியும் என்பதால் பேண்டேஜ் பட்டறையில் அந்த பி.எச். அளவைப் பார்த்தாக வேண்டும். பாடத்தையும் பட்டறையையும் சேர்த்துச் சொல்ல ஆளில்லாததால்தான் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் பி.எச். என்பதைப் பரீட்சையில் இரண்டு மார்க் தரும் எழுத்தாக மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள்.

எந்த மிஷின் நின்றது?

‘அப்பா என்ன வேலை பார்க்கிறார்?’ என்று பள்ளியில் கேட்டால் ‘மில்லு வேலை’ என்று பிள்ளை ஒரே சொல்லில் முடித்துவிடும். ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜாவால் தொடங்கப்பட்டது. அதன் பிறகு நூற்பு மில்கள் பெருகி, இன்று தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஷிப்ட் பார்த்த வீடுகள் உண்டு. அப்படியிருந்தும் ‘மில்லு வேலை’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை படிப்புகள் ஒளிந்திருக்கின்றன என்று பெரும்பாலான வீடுகளில் பேசுவதே இல்லை. அதைப் பேச வைக்க நான் சிபாரிசு செய்வது ஒரே கேள்வி. ஷிப்ட் முடிந்து வந்தவர் கை கால் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் ஓய்ந்த பிறகு பிள்ளை கேட்க வேண்டும். முழு நைட் முடித்து வருபவரிடம் காலையிலேயே கேட்டால் திட்டுதான் கிடைக்கும்.

“ஏம்மா, இன்னிக்கு எந்த மிஷின் நின்னுச்சு?”

“ஏழாம் நம்பர் கோன் வைண்டிங் நின்னுருச்சுடி. ஒரு மணி நேரம் போச்சு.”

“யாரைக் கூப்பிட்டீங்க?”

“முதல்ல பிட்டர் அண்ணன் வந்தாரு. பெல்ட்டு, பேரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு போயிட்டாரு. அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வச்சுப் பார்த்துட்டு, கார்டு போயிருச்சுன்னாரு.”

“அப்புறம்?”

“சூப்பர்வைசர் போன் போட்டாரு. கம்பெனிக்காரரு கோயமுத்தூர்ல இருந்து நாளைக்கு வர்றாராம்.”

இப்போது ஒரு நோட்டை எடுத்து, வந்தவர்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பிட்டர் ஐ.டி.ஐ. படித்தவராக இருப்பார். எலக்ட்ரீஷியனும் ஐ.டி.ஐ.தான். சூப்பர்வைசர் பெரும்பாலும் டெக்ஸ்டைல் டிப்ளமோ. கார்டை மாற்ற வருபவர் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோ பி.இ.யோ. அந்த மிஷினை வடிவமைத்தவர் இன்னும் மேலே. நின்றுபோன ஒரு மிஷினைச் சுற்றி ஐந்து வகைப் படிப்பு வந்து நின்றுவிட்டது. கம்பெனிக்காரர் கோயமுத்தூரிலிருந்து வருவதும் தற்செயல் இல்லை. நூற்பு மிஷின் தயாரிப்புக்கு அந்த ஊர் பேர்போனது. மில் இருப்பது ராஜபாளையத்தில் என்றாலும் மில்லை நம்பிய வேலை வேறு ஊர்களிலும் இருக்கிறது. இதே கேள்வியை ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். எந்த மாதிரிக் கோளாறு அடிக்கடி வருகிறது, அதற்கு ஆள் உடனே கிடைக்கிறாரா, வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கிறதா என்று நோட்டிலேயே தெரிந்துவிடும். வெளியூர் ஆளுக்குக் காத்திருக்க வேண்டிய வேலை எது என்று பார்த்து, அந்தப் படிப்பைக் குறித்துவையுங்கள்.

கணக்குப் பாடத்துக்கு நூல் நம்பரைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. ‘நாப்பதாம் நம்பர்’, ‘அறுபதாம் நம்பர்’ என்று வீட்டில் சகஜமாகச் சொல்கிறோம். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் நூலில் அப்படி எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நம்பர். ஒரு கெஜம் 0.9144 மீட்டர். ஆகவே ஒரு சிட்டம் சுமார் 768 மீட்டர். நாற்பதாம் நம்பர் என்றால் அதன் நாற்பது மடங்கு, 30 கிலோமீட்டருக்கு மேல். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துத் திரும்பக் கொண்டுவந்தாலும் மிச்சம் இருக்கும். நம்பர் கூடக்கூட நூல் மெலிவது ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். எதிர்விகிதக் கணக்கு அதுதான்.

மில் லேபில் பவுண்டு கணக்கில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது. 120 கெஜம் நூலைச் சுற்றி எடுத்து கிராமில் எடை போடுவார்கள். 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். எடை 1.62 கிராம் என்றால் நாற்பதாம் நம்பர். 64.8 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 120-ஐ 840-ஆல் வகுத்து 453.6-ஆல் பெருக்கினால் கிடைக்கும். அதைத் தானாகப் போட்டுவிட்ட பிள்ளைக்குக் கணக்கு வராது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. செய்து பார்க்க வேண்டுமானால் பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் தராசு போதும். தெரிந்த நகைப் பட்டறைத் தராசும் சரிதான்.

விசைத்தறி வைத்திருக்கும் வீடுகளில் பாவு, ஊடை இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணச் சொன்னால், காஸ் துணி ஏன் சல்லடைபோல இருக்கிறது, வேட்டி ஏன் அப்படி இல்லை என்பது புரிந்துவிடும். பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைத் தின்னத் தெரிந்த அளவுக்கு அதன் கணக்கு நமக்குத் தெரிவதில்லை. பத்து லிட்டர் பசும்பால் சுமார் 10.3 கிலோ எடை இருக்கும். லிட்டரும் கிலோவும் ஏன் ஒன்றாக இல்லை? அடர்த்தி. சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் அதைத்தான். அந்தப் பாலில் கொழுப்பும் மற்ற திடப்பொருளும் சேர்ந்து சுமார் 12 சதவீதம், அதாவது ஒன்றேகால் கிலோ. மீதி எல்லாம் தண்ணீர். ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்துக் கிண்டினால் திடப்பொருள் மொத்தம் இரண்டரைக் கிலோ. இறக்கும்போது கோவாவில் நாலில் ஒரு பங்கு ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சட்டியில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேறும். ஆறு கிலோ தேறியது என்று யாராவது சொன்னால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. கடைக்காரருக்கு விலை போட இந்தக் கணக்கு வேண்டும். வாங்குபவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

கிண்டக் கிண்ட நிறம் மாறுவது பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால். தோசை சிவப்பதும் இதே ரகம். பால்கோவாத் தொழிலுக்கு இன்றைய பெரிய சவால் ருசியில் இல்லை. வெளியூருக்கு அனுப்பினால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதுதான். ஈரத்தைக் குறைத்தால் நாள் கூடும், ஆனால் இறுகிப் போகும். காற்று புகாத பாக்கெட், குளிர் வண்டி, கிருமிப் பரிசோதனை என்று அது உணவுத் தொழில்நுட்பத்துக்குள் போகிறது. சென்னைக்கு அருகே கோடுவெளியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பெயரைக் குறித்துவைக்க வேண்டும். கால்நடை டாக்டர் படிப்பைக் கேள்விப்பட்டவர்கள்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை.

மற்றத் தொழில்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துலுக்கப்பட்டி அருகே ராமசாமிராஜா நகரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து சிமென்ட் ஆலை ஓடுகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியசில் சுட்டுக் கிளிங்கர் ஆக்குவது வேதியியல், அந்தச் சூட்டைத் தாங்கும் சூளையைக் கட்டுவது பொறியியல். சிவகாசி அச்சகங்களில் நாலு நிறம் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழ வேண்டும் என்பதால் கம்ப்யூட்டர் டிசைனருக்கும் மிஷின் ஆளுக்கும் வேலை இருக்கிறது. மேற்கே மலைப்பக்கம் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். தோப்புக்குள் பன்றியும் யானையும் புகுந்த கதை இல்லாத மலையடிவாரக் குடும்பம் இல்லை. அதற்கு வழி தேட வனவியலும் விலங்கியலும் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டும்.

பட்டாசைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கலவையில் கை வைக்கும் வேலைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது இந்த நூலின் நோக்கம் அல்ல. ஆனால் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலக்க ஏன் தடை இருக்கிறது, உராய்வில் எது பற்றும், ஓர் அறைக்குள் ஏன் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு என்று அறிந்த வேதியியலாளரும் பாதுகாப்பு அலுவலரும் அந்தத் தொழிலுக்கு அவசியம். அந்தப் பக்கம் ஆர்வமுள்ள பிள்ளையை வேதியியல் பட்டத்துக்கு அனுப்புங்கள். அதை முடித்த பிறகு போகட்டும்.

பத்தாவது முடிந்ததும்

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. பிளஸ் 1-இல் கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு எடுத்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு வழி. கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இது எல்லாருக்கும் தெரிந்த பாதை. தெரியாத பாதை இன்னொன்று இருக்கிறது. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஐ.டி.ஐ. போனவன் பிட்டராகவே கிடப்பான் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கை வேலையும் தெரிந்து பட்டமும் வாங்கிய ஆளுக்கு மில் பராமரிப்பில் மதிப்பு அதிகம். ராஜபாளையத்தில் 1963-இல் தொடங்கிய பி.ஏ.சி. இராமசாமி ராஜா பாலிடெக்னிக் இருக்கிறது, ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அரசு ஐ.டி.ஐ.க்களில் 71-ஐ டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரோபோ, சி.என்.சி. போன்ற புதிய மிஷின்களோடு அரசு மேம்படுத்தியது. விண்ணப்பிக்கும் முன் நேரில் போய், அந்த ஐ.டி.ஐ. அதில் வருகிறதா, எந்தெந்தப் பிரிவு இருக்கிறது என்று கேளுங்கள்.

பண விஷயம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் பிளஸ் 1-க்கு மட்டும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுபவர்கள் இந்த உரிமையையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள். மாற்றும் முன் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஐ.டி.ஐ., டிப்ளமோவுக்கும் இது பொருந்தும்.

பத்தாவது முடித்த பெண்ணை ‘மூணு வருஷம் மில்லுல தங்கி வேலை பார்த்தா மொத்தமா பணம்’ என்று ஏஜென்ட் வந்து கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கேம்ப் கூலி, சுமங்கலித் திட்டம் என்று பல பெயர்களில் தென் மாவட்டப் பெண்கள் பட்ட பாடு கோர்ட் வரைக்கும் போன விஷயம். 14 வயதுக்குக் கீழே தொழிற்சாலை வேலை சட்டப்படி கூடாது. 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. படித்துக்கொண்டே மில் அனுபவம் வேண்டும் என்றால் அதற்குச் சரியான வழி அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம், மாத உதவித்தொகை, முடிவில் சான்றிதழ் எல்லாம் உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ‘அப்ரண்டிஸ்தான், வாங்க’ என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் போக வேண்டாம்.

பிள்ளைகளை மில்லுக்குள் கூட்டிப்போவது

ஒரு பெற்றோர் தனியாகப் போய்க் கேட்டால் வாட்ச்மேனைத் தாண்ட முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு மில்லின் மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை என்பதால் தீர்மானத்தை நீங்களே கொண்டுவரலாம். கடிதத்தில் ‘தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க’ என்று பொதுவாக எழுத வேண்டாம். ‘எட்டாம் வகுப்பு மாணவர் இருபது பேர், லேபில் நூல் நம்பர் எடுப்பதையும், ஈரப்பதம் அளப்பதையும் பார்க்க, ஒரு மணி நேரம்’ என்று எழுதினால் அனுமதி கொடுப்பவருக்கு யாரை ஒதுக்குவது என்று தெரியும். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும், அறிவியலையும் கணக்கையும் செய்துபார்த்துக் கற்பிக்கும் வானவில் மன்றத்தின் கருத்தாளரையும் சேர்த்துக்கொண்டால், பார்த்ததை மறுநாள் வகுப்பில் பேச ஆள் இருக்கும்.

தாவணி, துப்பட்டா தொங்கக் கூடாது. தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும், செருப்புக்குப் பதில் ஷூ. ஸ்பின்னிங் பகுதியில் சத்தம் அதிகம், பேசினால் கேட்காது. அதனால் விளக்கத்தை லேபிலோ கேண்டீனிலோ முன்கூட்டியே கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். இளைப்பு உள்ள பிள்ளைகளைப் பஞ்சு பறக்கும் புளோரூம் பக்கம் விட வேண்டாம்.

மில் அனுமதிக்கவில்லை என்றால் மில்லைப் பள்ளிக்கு வரவழையுங்கள். மம்சாபுரத்திலேயே ரிட்டயரான பிட்டர்களும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். ஒரு பேரிங், ஒரு கதிர், ஒரு ரிங், அதில் ஓடும் டிராவலர், வெவ்வேறு நம்பர் நூல் நாலு கோன். இவ்வளவும் ஒரு பையில் அடங்கும். அவர் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். மரியாதைக்கு ஒரு துண்டு போடுங்கள், பஸ் செலவைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது ஆடிப்பூரத் தேர் வாரத்தை விட்டுவிடுங்கள். அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பஸ் நகராது, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை வேறு. காலாண்டுப் பரீட்சைக்கு முந்தைய ஆகஸ்டு கடைசி வாரமோ, பொங்கல் கழிந்த ஜனவரி மூன்றாம் வாரமோ தோதாக இருக்கும். பத்தாம் வகுப்பாரை ஜனவரிக்கு மேல் தொந்தரவு செய்யாதீர்கள். எட்டு, ஒன்பது வகுப்புகள்தான் இதற்கு ஏற்ற வயது. பிரிவு தேர்ந்தெடுக்க இன்னும் ஒன்றிரண்டு வருடம் கையில் இருக்கும், கோளாறு நோட்டையும் தொடர்ந்து எழுத முடியும்.